தலையாட்டியதால் சுருங்கிய மூளை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இருக்கிறேன். என் நலத்தைப் பற்றி ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் இருந்த கருத்து வேறுபாடும் ஒருவாறு தீர்ந்துவிட்டது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் மருமகனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், முக்கியமாக என்னை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல், இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ செய்ய வேண்டிய முதல் வேலை, சனிக்கிழமை என்னையும் என் சாமான்களையும் ஏற்றிப்போக ஏற்பாடு செய்திருக்கும் வேனை நிறுத்துவது. அடுத்த வேலை, எனக்கென்று ஒதுக்கிய அறைக்குப் பெயிண்ட் அடிப்பவர் எந்தச் சுவரில் நிற்கிறாரோ அந்தச் சுவரோடு அவரை ஏணியிலிருந்து இறக்குவது. காரணத்தைப் பொறுமையாக எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் "நல்ல செய்தி" என்று ஆரம்பித்தாலும் நீ அழுகிறாய், "கெட்ட செய்தி" என்று ஆரம்பித்தாலும் அழுகிறாய். செய்தியைச் சொல்ல நடுவில் இடம் கிடைப்பதில்லை.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். போன வருஷம் நான் சைக்கிளில் நூலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பினேன். இது யாருக்கும் நடக்கக்கூடியது. மறுநாள் அந்தச் சைக்கிளை எடுத்து வருவதற்காகப் பஸ்ஸில் போய், அங்கே கொஞ்சம் படித்துவிட்டு, மறுபடியும் பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன். இது எல்லோருக்கும் நடக்கக்கூடியதல்ல என்று எனக்கே பட்டது. நரம்பு டாக்டரிடம் போனேன். உன் மகன் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. ஆனால் நிதானம் என்னைவிட அதிகம். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் ஞாபகத்தைக் கவனித்துக்கொள்ளும் பகுதி என் வயதுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கியிருக்கிறது, மறதி நோயின் ஆரம்பம், மாத்திரை சாப்பிடுங்கள், நடந்து பழகுங்கள், ஒரு வருஷம் கழித்து மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இந்த வருஷம் நடந்ததில்தான் உனக்கும் எனக்கும் வழி தவறியது.

ஆஸ்பத்திரியில் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் அதற்குள் போட்டால், உங்கள் நோய் இனி எவ்வளவு வேகமாகப் போகும் என்று ஒரு கோடு வரைந்து காட்டுகிறது. மந்திரமில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். பல வருஷம் விடைத்தாள் திருத்திய வாத்தியார், முதல் பக்கத்தைப் புரட்டியதுமே "இது தேறும், இது தேறாது" என்று சொல்லிவிடுவார் இல்லையா? அவர் ஜோசியம் பார்க்கவில்லை. இந்த மாதிரி முதல் பக்கம் எழுதிய எத்தனையோ பேர் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதினார்கள் என்று அவருக்குப் பழக்கம். அந்தப் புரோகிராமும் அப்படித்தான். ஆயிரக்கணக்கானவர்களுடைய மூளைப் படங்களையும், அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் அதற்குக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். என் படத்தைப் பார்த்து, "இதே மாதிரி இருந்தவர்கள் இப்படிப் போனார்கள்" என்கிறது. அவ்வளவுதான்.

எனக்கு அது வரைந்த கோடு, வழுக்குமரத்திலிருந்து இறங்குகிறவன் மாதிரி இறங்கியது. டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். "ஒரே வருஷத்துல இவ்ளோ சுருங்கிருக்கேன்னு யோசிக்கிறேன் சார். இது இப்படியே போச்சுன்னா, ரெண்டு வருஷத்துக்குள்ள நீங்க தனியா இருக்கறது கஷ்டமாகலாம். வீட்டுல பேசி வைங்க. ஆனா நான் இன்னொரு தரம் பாக்கணும், அடுத்த வாரம் வாங்க" என்றார். டாக்டர் "ஆகலாம்" என்றார். நான் அதை "ஆகும்" என்று கேட்டுக்கொண்டேன். உனக்குப் போனில் சொன்னபோது நீ "ஆகிவிட்டது" என்று கேட்டுக்கொண்டாய். உண்மையைச் சொன்னால், அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டின் மேல் அடிக்கோலை வைத்து நானே நீட்டிப் பார்த்தேன். கோடு காகிதத்தைத் தாண்டி மேஜைக்கு வந்துவிட்டது. கதவைத் திறக்க என் கையில் ஒரு சாவி, என் அடுப்பில் நானே போட்டுக்கொள்ளும் டீ, பிடித்த நாற்காலியில் பிடித்த பக்கம் திரும்பி உட்காருவது, இவை மூன்றும் அந்தக் கோட்டில் எந்த இடத்தில் உதிரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். டீ ஆறிவிட்டது.

அதன் பிறகு வந்த குழப்பங்களுக்கு நானே பொறுப்பு, ஏனென்றால் அவை எல்லாம் என் உதாரணங்களால் வந்தவை. நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு 'உதாரணம்' என்று பட்டப்பெயர் வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கீழ்வீட்டு மெக்கானிக், "என்ன சார் முகம் வாடியிருக்கு?" என்று கேட்டார். அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே என்று, "நீங்க இன்ஜின் சத்தத்தைக் கேட்டே இந்த வண்டி இன்னும் எவ்வளவு நாள் ஓடும்னு சொல்வீங்கல்ல? அந்த மாதிரி ஒரு கம்ப்யூட்டர் என் மண்டையைப் பார்த்துச் சொல்லிருக்கு" என்றேன். நல்ல உதாரணம். ஆனால் அவர் உடனே, "ஓவர்ஹால் பண்ணலாமான்னு கேட்டீங்களா சார்?" என்றார். "பார்ட்ஸ் கிடைக்காது" என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அண்ணாந்து பார்த்து, "சார், ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்று தெருவே கேட்கக் கத்துகிறார். நான் ஜன்னலில் தலையைக் காட்டி "ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்று சொன்னால்தான் வேலையை ஆரம்பிக்கிறார். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தேன்; பதில் வராததால் கதவைக் கழற்றுவதற்கு ஸ்பேனரோடு ஏறி வந்துவிட்டார்.

மாப்பிள்ளையிடம் சொன்ன உதாரணம் இன்னும் மோசமாகப் போனது. அவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர், அவருக்கேற்ற மாதிரி சொல்வோம் என்று போனில், "மாப்பிள்ளை, ஏறுகிற ஆள் முகத்தைப் பார்த்தே எந்த ஸ்டாப்பில் இறங்குவார் என்று உங்களுக்குத் தெரியும் இல்லையா, அந்த மாதிரி" என்றேன். மறுமுனையில் டிவியை நிறுத்தினார். பிறகு மிக மெதுவாக, "அடுத்த ஸ்டாப்பா மச்சான்?" என்று கேட்டார். "இல்லை மாப்பிள்ளை, இது இறங்குகிற விஷயமே இல்லை" என்று நான் சொல்வதற்குள் போன் உன் கைக்கு வந்து, அங்கிருந்து அழுகைக்குப் போய்விட்டது. நல்ல நோக்கத்தோடு சொன்ன உதாரணம், கேட்கிறவர் மனசில் எந்த ஸ்டாப்பில் இறங்கும் என்று சொல்கிறவனுக்குத் தெரிவதில்லை.

மறுநாளே உன் மகன் இங்கே வந்து நின்றான். அலமாரியை அளந்தான், கட்டிலை அளந்தான், போகிற போக்கில் என்னையும் ஒருமுறை அளந்த மாதிரி இருந்தது. பிறகு பையிலிருந்து சீட்டுகளை எடுத்து வீடு முழுக்க ஒட்டினான். கதவில் 'கதவு'. ஜன்னலில் 'ஜன்னல்'. என் மூக்குக்கண்ணாடி உறையில் 'கண்ணாடி'. "எதுக்குடா இதெல்லாம்?" என்றேன். "இருக்கட்டும் மாமா, பின்னாடி உதவும்" என்றான். "கதவு எதுன்னு மறந்து போற காலத்துல 'கதவு'ன்னு படிக்க மட்டும் தெரியுமாடா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "படமும் வரைஞ்சிடவா மாமா?" என்றான். பாசக்காரப் பிள்ளை, குறை சொல்லக் கூடாது. ஆனால் அவசரத்தில் உப்பு டப்பாவில் 'சர்க்கரை' என்றும் சர்க்கரை டப்பாவில் 'உப்பு' என்றும் ஒட்டிவிட்டான். என் கைக்கு டப்பா தெரியும், நான் சீட்டைப் பார்ப்பதில்லை. மறுநாள் என்னைப் பார்க்க மேலே வந்து, என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே டீ போட்ட மெக்கானிக்தான் சீட்டை நம்பினார். ஒரு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு நோய் முற்றிவிட்டது, அதனால்தான் இந்த டீயை முகம் சுளிக்காமல் குடிக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானோ, பாவம் ஆசையாகப் போட்டாரே என்று மரியாதைக்குக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மரியாதை என்றதும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். அடுத்த வாரம் டாக்டரிடம் போனேன். இந்த முறை வாத்தியாராகவே போனேன். "டாக்டர், விடை மட்டும் எழுதினா நான் மார்க் போட மாட்டேன். எப்படி வந்துச்சுன்னு படிப்படியா காட்டச் சொல்லுங்க அதை" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது அப்படிக் காட்டாது சார்." "அப்போ பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதின பையன் மாதிரின்னு சொல்லுங்க." "காப்பி இல்ல சார். நிறைய பேப்பர் பார்த்துப் பழகினது. ஆனா நாம குடுக்கற படம் சரியா இருந்தாத்தான் அது சொல்றதும் சரியா இருக்கும். அதுவுமில்லாம கோட்டை மட்டும் பாக்காதீங்க. கோட்டைச் சுத்தி மங்கலா ஒரு பட்டை இருக்கு பாருங்க, அதுதான் அதோட சந்தேகம். உங்களுக்கு அந்தப் பட்டை ரொம்ப அகலமா இருக்கு" என்று அவர் விளக்க, நான் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். "சார், நான் பேசும்போதெல்லாம் நீங்க தலையாட்டிட்டே இருக்கீங்க." "ஆமா. கேக்கறேன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?" "ஸ்கேன் எடுக்கும்போது?" "அங்கேயும்தான். வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே, பதில் சொல்ல வேற என்ன வழி இருக்கு?"

டாக்டர் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார்.

நடந்தது இதுதான். முதல் வருஷம் ஸ்கேன் எடுத்தவர் ஒரு சிடுமூஞ்சி. படுங்க என்றார், எழுந்திருங்க என்றார், இடையில் ஒரு வார்த்தை கிடையாது. நானும் கட்டை மாதிரி கிடந்தேன். இந்த வருஷம் ஒரு பெண், தங்கமான பெண். நான் அந்தக் குழாய்க்குள் கிடக்கும்போது ஒலிபெருக்கியில், "சார், நல்லா இருக்கீங்களா? இன்னும் கொஞ்ச நேரந்தான். பயமா இருக்கா சார்? இப்போ சத்தம் பெருசா வரும், பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சொல்வது சரியாகக் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே, தலைக்கு இரண்டு பக்கமும் அவள் செருகிய மெத்தையை, வலிக்கிறது என்று பொய் சொல்லித் தளர்த்தச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் தலையாட்டினேன். என் தலையாட்டல் உனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் தைரியம் வர வேண்டும் என்று ஆட்டிப் பழகியது. கேள்வி முடிந்து சத்தம் ஆரம்பித்த பிறகும் அது உடனே நிற்காது, மணி அடித்து முடித்த பிறகும் மணியின் நாக்கு ஆடுகிற மாதிரி. தலை அசைந்தால் படம் லேசாகக் கலங்குமாம். பார்க்கிறவர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அளக்கும்போது ஓரங்கள் மங்கி, மூளை இருப்பதைவிடச் சின்னதாகக் கணக்கில் வருமாம். ஆக, மரியாதை தெரியாதவர் எடுத்த படத்தில் என் மூளை உள்ளது உள்ளபடி இருந்தது. மரியாதையாகப் பேசிய பெண் எடுத்த படத்தில் சுருங்கிவிட்டது. புரோகிராம் பாவம், இரண்டையும் கழித்துப் பார்த்து, இந்த மனிதர் ஒரே வருஷத்தில் இவ்வளவு இழந்துவிட்டாரே என்று பதறிக் கோட்டைச் சரித்துவிட்டது. கேள்வித்தாள் தப்பு, விடை எழுதியவனைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுபடியும் ஸ்கேன். அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே, "அம்மா, என்னை ஒண்ணும் கேக்காதே. நான் செத்தாலும் கேக்காதே" என்று சொல்லிவிட்டேன். அவள் என் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "ஏதாவதுன்னா அமுக்குங்க சார்" என்றாள். தலையை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். சத்தம் ஆரம்பித்தது. நான் அசையவே இல்லை. எல்லாம் மிகச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் வெளியில் கவலையோடு இருப்பாளே, ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது நன்றாக இல்லையே என்று, எல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிவிக்கப் பந்தை ஒருமுறை அமுக்கினேன். மெஷின் நின்றது. கதவு திறந்தது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "என்ன சார், மூச்சு முட்டுதா?" "இல்லம்மா, நல்லா இருக்கேன்னு சொன்னேன்." அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சார், இந்த ஆஸ்பத்திரில நல்லா இருக்கறவங்க யாரும் எங்களைக் கூப்பிட மாட்டாங்க" என்றாள். பந்தைப் பிடுங்கவில்லை, அதுவரையில் சந்தோஷம். முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள்.

புதிய கோட்டை நேற்று டாக்டர் காட்டினார். இறங்கத்தான் செய்கிறது. அதை மறைக்க மாட்டேன்; நோய் இருக்கிறது, அது எங்கும் போய்விடவில்லை. ஆனால் வயதானவர் மாடிப்படி இறங்குகிற மாதிரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குகிறது. மங்கல் பட்டையும் ஒல்லியாகிவிட்டது. "இதே மாதிரி படம் இருந்தவங்க நிறைய பேர் பல வருஷம் தங்க வேலையைத் தாங்களே பாத்துட்டு இருந்திருக்காங்க சார். நீங்களும் அப்படித்தான்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. ஆனா இப்போதைக்கு வீட்டைக் காலி பண்ண வேண்டாம்" என்றார். நான் தலையாட்டாமல், "சரி டாக்டர்" என்று வாயால் சொன்னேன்.

ஆகவே தங்கையே, வேன் வேண்டாம். நான் இங்கேயே இருக்கிறேன். உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வராது என்று தெரியும். வராது என்பதுதான் குறை. டம்ளரைக் கழுவப் போனால் நீ பிடுங்கிக்கொள்வாய். மாப்பிள்ளை டிவியை ஓட்டுகிற சத்தத்தில் நான் யோசித்தது எனக்கே கேட்காது. நான் எதையாவது தேடினால், அது எல்லோரும் தேடுகிற மாதிரித் தேடுவதா, நோயால் தேடுவதா என்று நீங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள். இங்கே நான் தேடினால் தேடுகிறேன், அவ்வளவுதான். கண்ணாடி கிடைத்ததும் விஷயம் முடிந்தது. ஆகவே மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அந்த அறையில் மாப்பிள்ளை தன் பழைய ரேடியோக்களைப் பரப்பிக்கொள்ளட்டும், வெகுநாள் ஆசை அவருக்கு.

மாப்பிள்ளைக்கு என் அன்பையும், எந்த ஸ்டாப்பிலும் நான் இறங்கவில்லை என்பதையும் சொல். மருமகனுக்கு என் ஆசீர்வாதம். அவன் ஒட்டிய சீட்டுகளில் 'கதவு' மட்டும் இன்னும் கதவில் இருக்கிறது, பிசின் நல்ல பிசின். நீ நோய்நொடியில்லாமல், வாய் ஓயாமல், நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்திருக்கிறேன், ஓரம் கிழிந்திருப்பது அதனால்தான். மேலே எழுதியதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த முதல் கோடு மட்டும் உண்மையாக இருந்திருந்தால், நீ வேன் என்ன, ரயிலே அனுப்பியிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன். சனிக்கிழமை கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, இல்லாத மாதிரி உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். நீ யார் என்று தெரியாத ஒருவனுக்கு நீ தினமும் சட்டை மாட்டிவிடுவதற்காக நான் உன் வீட்டுக்கு வர மாட்டேன். ஆனால் இப்போது அப்படியில்லையே. இன்னும் பல வருஷம் உன்னோடு சண்டை போடலாம், உன் சமையலைக் குறை சொல்லலாம், நம் அம்மா உன்னைவிட என்னைத்தான் அதிகம் அடித்தாள் என்று சாட்சியோடு நிரூபிக்கலாம். அதையெல்லாம் ஞாபகம் இருக்கும்போது செய்யாமல் பிறகு எப்போது செய்வது? இந்த ஸ்கேன் கதையை எழுதி முடித்ததும், எனக்கே சிரிப்பு வந்து, யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டலாம் என்று காகிதத்தோடு எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் வீட்டில் ஆள் இல்லை என்பது தெரிந்தது.

அதனால் வேனை நிறுத்தாதே. சின்ன வேன் போதும், அலமாரி வேண்டாம். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்கு முன் வந்து சேர்ந்தால் முதலில் பின்குறிப்பைப் படி. மற்றதைப் படிக்காதே, நான் வந்து நானே படித்துக் காட்டுகிறேன்.